மங்கலான படத்தை நம்பாத பிரிஸ்கில்லா

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சிறுநீரக மாற்று அறுவை செய்கிற டாக்டர் ஹேமந்த், கம்ப்யூட்டர் திரையை இன்பசேகரன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு பேசினார். நோயாளி இன்பசேகரன் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பிரிஸ்கில்லா. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு காலம் தள்ளுகிறவள். தன்னுடைய சிறுநீரகம் ஒன்றை அவளுக்குக் கொடுக்க இன்பசேகரன் முன்வந்திருந்தான். ரத்தம் பொருந்தியது, மற்ற சோதனைகளும் பொருந்தின. கடைசியாக எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் சிக்கல்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். புதுச் சிறுநீரகத்தை அடிவயிற்றில் வைத்து, காலிலிருந்து மேலே வருகிற பெரிய ரத்தக்குழாயோடு சேர்த்துத் தைக்க வேண்டும். பிரிஸ்கில்லாவுக்கு டயாலிசிஸ் செய்ய இரண்டு தொடையிலும் மாற்றி மாற்றி டியூப் போட்டிருக்கிறார்கள். அப்படிப் போட்டவர்களுக்கு அந்தக் குழாய்கள் உள்ளே அடைத்துப்போவது உண்டு. ஸ்கேனில் குழாய்கள் சரியாகத் தெரியவில்லை. அடைத்த குழாயோடு சேர்த்தால் புதுச் சிறுநீரகம் மேஜையிலேயே செத்துவிடும், கொடுத்தவருக்கும் நஷ்டம். அதனால் டாக்டர்கள் கூடிப் பேசி, இந்த மாற்று முடியாது என்று முடிவு செய்திருந்தார்கள்.

இன்பசேகரன் தலையைக் குனிந்துகொண்டான். பிரிஸ்கில்லா தன் நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேரே போட்டுக்கொண்டாள்.

"சார், படம் என் உடம்போடது. என்கிட்ட சொல்லுங்க."

ஹேமந்த் திரையை அவள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் புகை மூட்டம் போல இருந்தது. இடுப்பெலும்பு எது, குடல் எது என்று அவர் விரலால் காட்டிக்கொண்டே வந்தார். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல அடைப்பு எங்க தெரியுது?"

"அடைப்பு தெரியலைம்மா. குழாயே தெளிவா தெரியலை. அடைச்சிருக்க வாய்ப்பு ஜாஸ்தி."

"அப்போ தெரியலைன்னு சொல்லுங்க சார். முடியாதுன்னு சொல்லாதீங்க. ரெண்டும் வேற."

இன்பசேகரன் அவள் கையைத் தொட்டு அடக்கப் பார்த்தான். அவள் கையை நகர்த்திக்கொண்டாள்.

பிரிஸ்கில்லா அப்படித்தான். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். அப்பா பவர்லூமில் லுங்கி நெய்தார். பத்தாவது முடித்த கையோடு, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் சேர்ந்தாள். ஷூவின் மேல்பாகத்தை, அதாவது அப்பரை, மெஷினில் தைக்கிற வேலை. அங்கே பெண்கள் பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிற டோக்கனை எடுத்துக்கொண்டு போக வேண்டும். டோக்கன் இல்லையென்றால் யாராவது திரும்பி வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்குப் பயந்து பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார்கள்.

பிரிஸ்கில்லா ஒருநாள் டோக்கன் எடுக்காமல் எழுந்து போனாள். திரும்பி வந்தவளை மேனேஜரிடம் கூட்டிப்போனார்கள். வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து வேலைக்கு வந்தாள், மறுபடியும் டோக்கன் எடுக்காமல் எழுந்து போனாள். இந்த முறை அவள் பின்னாலேயே இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். கொஞ்ச நாளில் அந்த ஆணியில் தொங்கிய டோக்கன்கள் காணாமல் போயின. யார் எடுத்தார்கள் என்று கம்பெனி கேட்கவுமில்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சண்டைக்காரி என்று பெயர். அவள் அதை மறுத்ததில்லை.

இன்பசேகரன் அதே கம்பெனிக்குத் தோல் ஏற்றிவருகிற மினி லாரி ஓட்டினான். பேரணாம்பட்டுக்காரன். ஜாஸ்தி பேச மாட்டான். அவனுக்கும் அவளுக்கும் கல்யாணம் என்றதும், இந்தச் சண்டைக்காரியை இவன் எப்படிச் சமாளிப்பான் என்று லைனில் சிரித்தார்கள். சமாளிக்க வேண்டிய அவசியமே அவனுக்கு வரவில்லை. அவள் வெளியே போட்ட சண்டைகளில் பாதி அவனுக்காகவும் சேர்த்துப் போட்டதுதான்.

மகள் வயிற்றில் இருந்தபோது பிரிஸ்கில்லாவுக்கு பி.பி. ஏறியது. குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்தாள், பிறகு யாரும் பார்க்கவுமில்லை. வருஷங்கள் கழித்துத் தலைவலி வந்தது. லைனில் பசை நாற்றத்தால் வருகிறது என்று மாத்திரை போட்டுக்கொண்டாள். கால் வீங்கியது. நாள் முழுக்க உட்கார்ந்து தைத்தால் வீங்காதா என்றாள். ஒருநாள் மெஷின் மேலேயே வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் பி.பி. பார்த்த நர்ஸ், மெஷின் ரிப்பேரோ என்று இன்னொரு மெஷினைக் கொண்டுவந்து பார்த்தாள். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. சிறுநீரகங்கள்தான் சுருங்கிப்போயிருந்தன.

கம்பெனி வேனில் ஒருத்தி சொன்னாளாம், மூத்திரத்துக்காகச் சண்டை போட்டவளுக்கு மூத்திரமே நின்னுடுச்சே என்று. அது பிரிஸ்கில்லாவின் காதுக்கு வந்தது. முதலில் சிரித்தவளும் அவள்தான். சொன்னவளிடமே போய், "இன்னாடி, நல்லா சொன்னே" என்றாள். சொன்னவள் அழுதுவிட்டாள்.

டயாலிசிஸுக்காகக் கையில் செய்த அறுவை இரண்டு தடவை தோற்றது. கழுத்தில் டியூப் போட்டார்கள், பிறகு தொடையில் போட்டார்கள். வலது கால் எப்போதும் இடது காலைவிடப் பெரிதாக இருக்கும். ஆம்பூரில் டயாலிசிஸ் சென்டரில் அவளுக்குப் பக்கத்துக் கட்டில் ஹலீமா பீயுடையது. பேரணாம்பட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மாள், பிரிஸ்கில்லாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். மெஷின் ஓடுகிற நாலு மணி நேரமும் இருவரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். சாப்பிடக் கூடாத பொருள்களைப் பற்றித்தான் பேச்சு ஜாஸ்தி. பிரியாணி, கருவாடு, இளநீர்.

சிறுநீரகம் தருகிறேன் என்று இன்பசேகரன் சொன்னபோது பிரிஸ்கில்லா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் விடவில்லை. வீட்டில் அவன் பிடிவாதம் பிடித்தது அது ஒன்றுக்குத்தான். அவனுடைய அக்கா ஜெபகனிக்கு இது தெரிந்ததும் வாணியம்பாடியிலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஜெபகனி பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அம்மா செத்தபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவள், தனக்கென்று கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அவளிடம் யாரும் எதிர்த்துப் பேசிப் பழகவில்லை. வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் ஒற்றைச் சிறுநீரகத்தோடு என்ன செய்வான், இரண்டு பேரும் படுத்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்டாள். கேள்விகளில் நியாயம் இருந்தது. டாக்டர்கள் எல்லாச் சோதனையும் செய்துதான் எடுப்பார்கள் என்று இன்பசேகரன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் சமாதானமாகவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் இந்த ஸ்கேன் வந்து குறுக்கே நின்றது.

அன்று அவள் அப்படி எதிர்த்துக் கேட்டதில் டாக்டர் ஹேமந்துக்குக் கோபம் வரவில்லை. தெரியாத இடத்தில் அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் உங்கள் இருவருக்கும் பத்திரம் என்றார். அதை பிரிஸ்கில்லா ஒத்துக்கொண்டாள். ஆனால் தெரிந்துகொள்ள வழியே இல்லையா என்று கேட்டாள். இருந்த வழிகளை அவர் சொன்னார். சி.டி. ஸ்கேனுக்கு அயோடின் மருந்து ஏற்ற வேண்டும். முன்பு ஒரு தடவை அதை ஏற்றியபோது அவள் முகம் வீங்கி, தொண்டை அடைத்து, உயிர் போய் வந்தது. எம்.ஆர்.ஐ.க்கு வழக்கமாகப் போடுகிற மருந்தில் கடோலினியம் என்ற உலோகம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன சிறுநீரகம் இருப்பவர்களுக்கு உள்ளேயே தங்கலாம். அப்படித் தங்கிச் சிலருக்குத் தோல் மொத்தமும் கெட்டியாக இறுகிப்போயிருக்கிறது. புது வகை மருந்துகளில் அந்த ஆபத்து ரொம்பக் குறைவு என்கிறார்கள். என்றாலும் இவளுக்கு அதைப் போட இங்கே யாரும் துணியவில்லை. மருந்தில்லாமல் எடுத்ததால்தான் படம் புகையாக இருக்கிறது.

"தோல் இறுகுறதா?" என்றாள் பிரிஸ்கில்லா. "தோலை மிருதுவாக்குறதுக்கு எங்க ஊர்ல எத்தனை பேர் வேலை செய்றாங்க சார்."

ஹேமந்த் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. வேறு என்ன இருக்கிறது என்று மறுபடியும் கேட்டாள். அப்போதுதான் அவர், இதே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பிரிவில் டாக்டர் பூங்குழலி என்பவர் ஒரு ஆராய்ச்சி நடத்துகிறார், இரும்பு நானோ துகள்களை வைத்து, சிறுநீரக நோயாளிகளுக்காக என்று சொன்னார். அயோடின் ஒத்துக்கொள்ளாதவளை அதில் சேர்ப்பார்களா என்பது சந்தேகம்தான் என்றும் சேர்த்துச் சொன்னார்.

"சந்தேகம்தானே? கேட்டுட்டு வர்றேன்" என்று பிரிஸ்கில்லா எழுந்தாள்.

பூங்குழலி நாற்பது வயதுக்காரி, வேகமாகப் பேசுகிறவள். அயோடின் விஷயத்தைக் கேட்டதும் முதலில் முடியாது என்றுதான் சொன்னாள். பிரிஸ்கில்லா அந்த மருந்து என்னவென்று மட்டும் சொல்லச் சொன்னாள். சொல்ல ஆரம்பித்த பூங்குழலி, பாதியில் தன் பேச்சில் தானே உற்சாகமாகிவிட்டாள்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தசோகைக்கு இரும்பு ஊசி போடுவார்கள், பிரிஸ்கில்லாவும் போட்டுக்கொண்டிருக்கிறாள். இதுவும் அந்த வகைதான். இரும்பை மிக மிகச் சின்னத் துகளாக்கி, மேலே சர்க்கரை போன்ற ஒரு பொருளைப் பூசியிருப்பார்கள். ஒரு தலைமுடியின் தடிமன் வர வேண்டுமென்றால் அந்தத் துகள்களை ஆயிரக்கணக்கில் வரிசையாக வைக்க வேண்டும். ஆனாலும் ரத்தக்குழாயின் சுவரைத் தாண்டி வெளியே கசியாத அளவுக்குப் பெரியது. அதனால் மணிக்கணக்கில் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் படுத்தால், ரத்தம் ஓடுகிற குழாய் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். ரத்தம் போகாத குழாய் இருட்டாக இருக்கும். வெளியேற அதற்குச் சிறுநீரகம் தேவையே இல்லை. கல்லீரலும் மண்ணீரலும் மெல்ல அதை எடுத்து, உடம்புக்கு வேண்டிய இரும்பாக மாற்றிக்கொள்ளும்.

"அவ்வளோ பெரிய காந்தம் உள்ள இருக்குற இரும்பை இழுக்காதா டாக்டர்? குழாயைப் பிச்சிக்கினு வராதா?"

அப்படி இழுக்குமளவுக்கு அது இல்லை, துகள் பக்கத்தில் மெஷின் வாங்குகிற சிக்னல் மட்டும்தான் மாறும் என்றாள் பூங்குழலி. பிறகு ஆபத்தைச் சொன்னாள். அபூர்வமாகச் சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாமல் போகும். வெளிநாட்டில் வேகமாக ஏற்றிச் செத்தவர்களும் உண்டு. இப்போது கரைத்து, மெதுவாக ஏற்றுகிறார்கள். ஏற்கனவே ஒரு மருந்துக்கு உடம்பு அப்படித் துடித்தவளுக்கு இதுவும் அப்படித்தான் செய்யும் என்று கிடையாது. ஆனாலும் பயம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கு ஒப்புதல் தருகிற குழுவிடம் தனியாக அனுமதி கேட்க வேண்டும். இது முடிந்து சில மாதங்கள் வரை உடம்பில் எடுக்கிற வேறு ஸ்கேன்களிலும் இந்த இரும்பின் சாயல் தெரியலாம், ஸ்கேன் எடுக்கிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

"அனுமதி கேளுங்க. குழு வேணாம்னு சொன்னா அந்தக் குழுகிட்ட நான் பேசுறேன்" என்றாள் பிரிஸ்கில்லா.

அனுமதிக்குக் காத்திருந்த நாட்களில் தொடை டியூபில் சீழ் பிடித்தது. குளிரும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஜெபகனி பார்க்க வந்தாள். திராட்சை கொண்டு வந்திருந்தாள், ஜெபம் பண்ணினாள், பிறகு மெல்ல ஆரம்பித்தாள். முதல் டாக்டரே முடியாது என்று சொல்லிவிட்டார். அது கர்த்தருடைய சித்தமாக இருக்கலாம். எலிக்குப் போட வேண்டியதை மனுஷிக்குப் போட்டுப் பார்க்கிறார்கள், அதற்கு இவள் போய்ப் படுக்க வேண்டுமா?

பிரிஸ்கில்லாவுக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. படுத்தபடியே சொன்னாள்.

"அண்ணி, கர்த்தர் சித்தம்னா அது தெளிவா தெரியட்டும். அந்தப் படம் தெளிவா இல்ல. குழாய் அடைச்சிருக்குன்னு தெரிஞ்சா நானே உங்க தம்பியை வேணாம்னு சொல்லிடுவேன். எலின்னு சொன்னீங்க. எலியை யாரும் கேட்டுட்டுப் போடுறதில்ல. என்னைக் கேட்டாங்க, நான் சரின்னு சொன்னேன்."

ஜெபகனி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் நின்றிருந்த இன்பசேகரனிடம்கூடப் பேசவில்லை. அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அக்காவா மனைவியா என்ற இடத்தில் தன்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே என்ற வருத்தம் அவனுக்கு. ஆனாலும் பிரிஸ்கில்லாவிடம் அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காய்ச்சல் தணிந்து, டியூப் மாற்றி, சில வாரங்கள் கழித்துக் குழுவின் அனுமதி வந்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன. மருந்து ஏறுகிற நேரம் முழுக்க மயக்க மருந்து டாக்டர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சின்னதாக ஏதாவது நடந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு கட்டிலில் படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். மருந்து அடர்ந்த காப்பி நிறத்தில் இருந்தது. சொட்டுச் சொட்டாக ஏற ஆரம்பித்தது. பூங்குழலி அவள் முகத்தையும் மானிட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிகூட ஏறியிருக்காது, பிரிஸ்கில்லாவின் முகம் சிவந்தது. இடுப்பில் யாரோ முஷ்டியால் குத்துகிற மாதிரி வலி. சொன்னாள். உடனே நிறுத்தினார்கள்.

பி.பி. இறங்கவில்லை, மூச்சு சீராக இருந்தது, தொண்டை அடைக்கவில்லை. மயக்க மருந்து டாக்டர் காத்திருக்கலாம் என்றார். சிறிது நேரத்தில் வலி போய்விட்டது. இரும்பு மருந்து ஏற்றும்போது சிலருக்கு இப்படி வந்துவிட்டுப் போகும், இது அலர்ஜி இல்லை என்று அவர் சொன்னார். அப்படியும் பூங்குழலிக்கு மனசு வரவில்லை. இத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்றாள். ஊசியைக் கழற்றக் கை நீட்டினாள்.

"எனக்கும் பயமா இருக்கு டாக்டர்" என்றாள் பிரிஸ்கில்லா. "ஆனா நிறுத்தச் சொல்லலை. ஆபத்துன்னு நீங்க நினைச்சா நிறுத்துங்க. என் மேல பரிதாபப்பட்டு நிறுத்தாதீங்க."

இரண்டு டாக்டர்களும் தனியாகப் போய்ப் பேசினார்கள். வெளியே போன் செய்து குழுவின் தலைவரையும் கேட்டார்கள். திரும்பி வந்து, இன்னும் மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம், மறுபடி ஏதாவது வந்தால் கேள்வியே இல்லை, நிறுத்திவிடுவோம் என்றார்கள். இந்த முறை ஒன்றும் வரவில்லை. மருந்து முழுக்க ஏறியது.

மெஷினுக்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சுற்றிலும் டமடமவென்று சத்தம். அவளுக்கு அது பழகிய சத்தம் மாதிரிதான் இருந்தது, நூறு தையல் மெஷின் ஓடுகிற கூடத்தில் இருபது வருஷம் உட்கார்ந்தவள்.

படத்தைப் பார்க்க மறுநாள் அழைத்தார்கள். இந்த முறை திரை அவள் பக்கம் திருப்பப்பட்டிருந்தது. புகை மூட்டம் இல்லை. கறுப்புப் பின்னணியில் ரத்தக்குழாய்கள் வெள்ளை வெளேரென்று, இலையின் நரம்புகளைப் போலக் கிளை பிரிந்து தெரிந்தன. வலது பக்கம் பெரிய குழாய் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு. சுற்றிலும் சின்னச் சின்னக் குழாய்கள் வளைந்து வளைந்து வழி தேடிப் போயிருந்தன. கால் ஏன் வீங்குகிறது என்பதற்கு அதுதான் காரணம் என்றாள் பூங்குழலி.

"இடது பக்கம்?" என்று கேட்டாள் பிரிஸ்கில்லா.

பூங்குழலி விரலை வைத்துத் தொடையிலிருந்து மேலே இழுத்துக்கொண்டே போனாள். வெள்ளைக் கோடு ஓரிடத்தில் கொஞ்சம் ஒடுங்கியது, அறுந்துபோகவில்லை. மேலே போய்ப் பெரிய குழாயோடு சேர்ந்தது.

"திறந்திருக்கு" என்றாள்.

பிரிஸ்கில்லா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்பசேகரன்தான் நாற்காலியில் குனிந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

டாக்டர் ஹேமந்த் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். அன்றைக்குத் தெரியவில்லை, இன்றைக்குத் தெரிகிறது, இடது பக்கம் வைக்கலாம் என்றார். ஒடுங்கின இடத்தால் ஆபத்து கொஞ்சம் கூடுதல்தான், எல்லாம் நல்லபடி நடக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். வாக்கு வேண்டாம் சார், தேதி கொடுங்கள் என்றாள் அவள்.

தேதிக்கு முன்னால் இன்னொன்று இருந்தது. சிறுநீரகம் கொடுப்பவர் மனசார, யாருடைய கட்டாயமும் இல்லாமல் கொடுக்கிறாரா என்று ஆஸ்பத்திரிக் குழு ஒன்று விசாரிக்கும். அந்த நாளில் ஜெபகனி நேரிலேயே வந்துவிட்டாள். என் தம்பி வாய் திறக்காதவன், இந்தப் பெண் நினைத்ததை நடத்துகிறவள், அவன் தானாக ஒத்துக்கொண்டிருக்க மாட்டான் என்று குழுவின் முன்னால் சொன்னாள். குழுவினர் இன்பசேகரனைத் தனியாகக் கூப்பிட்டார்கள். பிரிஸ்கில்லாவையும் ஜெபகனியையும் வெளியே உட்காரச் சொன்னார்கள். ஒரே பெஞ்சில் இரண்டு முனையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே நடந்ததைப் பிறகு இன்பசேகரனே பிரிஸ்கில்லாவிடம் சொன்னான். அக்கா சொன்னதைச் சொல்லி, நிஜமா என்று கேட்டார்கள். அவன் இப்படிச் சொல்லியிருக்கிறான்:

"என்னை வளர்த்தது அவங்கதான் சார். அவங்க பயப்படுறது சரி. ஆனா என் பொண்டாட்டி என்கிட்ட கிட்னியைக் கேக்கவே இல்ல. நான்தான் எடுத்துக்கன்னு கேட்டேன். அவ ஒத்துக்கிறதுக்கே நாளாச்சு. நான் வாய் திறக்காதவன்தான். இப்ப திறந்துட்டேன், எழுதிக்கோங்க."

குழு சம்மதித்தது. வெளியே வந்த தம்பியை ஜெபகனி பார்த்தாள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, கோபமா என்று மட்டும் கேட்டான். அவள் அவன் தலையில் கை வைத்துவிட்டு எழுந்து நடந்தாள்.

அறுவை எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இடது பக்கம் தைத்த குழாயில் ரத்தம் பாய்ந்ததும் சிறுநீரகம் மேஜையிலேயே இளஞ்சிவப்பாக நிறம் மாறி, சிறுநீர் சொட்ட ஆரம்பித்ததாக ஹேமந்த் வெளியே வந்து சொன்னார். வராந்தாவில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஜெபகனி. ஆபரேஷன் முடிகிற வரை ஒருவரிடமும் பேசாமல் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பியை டிஸ்சார்ஜ் செய்ததும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துக்கொண்டாள். பிரிஸ்கில்லாவை மகளும் லைனில் கூட வேலை செய்த பெண்களும் முறை போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். இன்றுவரை அந்த நாத்தனாரும் அவளும் கலகலவென்று பேசுவதில்லை. கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் மட்டும் இரண்டு பக்கமும் போய் வருகிறது.

உடம்பு தேறியதும் பிரிஸ்கில்லா செய்த முதல் வேலை, ஹலீமா பீயை வேலூருக்குக் கிளப்பியது. ஹலீமா பீக்கும் இதே மாதிரி, குழாய் சரியாக இல்லை, மாற்று சிகிச்சை வேண்டாம் என்று வேறெங்கோ சொல்லியிருந்தார்கள். மகன்கள் அதோடு விட்டுவிட்டார்கள். பிரிஸ்கில்லா மகன்களோடு சண்டை போட்டு, அம்மாளை பூங்குழலியிடம் கூட்டிப்போனாள். அதே மருந்தை ஏற்றினார்கள், ஒரு தொந்தரவும் இல்லாமல் ஏறியது. ஆனால் படத்தில் இரண்டு பக்கமும் கறுப்பு. வயிற்றுக்குள் இருக்கிற பெரிய குழாயும் பாதி தூரத்துக்கு மூடிக்கிடந்தது. முடியாது என்பது இந்த முறை நிஜமாகவே முடியாதுதான்.

பிரிஸ்கில்லாவால் அதைத் தாங்க முடியவில்லை. தன்னுடைய படத்தைப் பார்த்தபோது அழாதவள், ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதாள். ஹலீமா பீ தன் துப்பட்டா முனையால் அவள் கண்ணைத் துடைத்தாள்.

"நீ எதுக்கு பேஜார் ஆவுறே? இத்தினி நாளா பசங்க ஏமாத்துறாங்களா, டாக்டர் ஏமாத்துறாரா, அல்லா ஏமாத்துறாரான்னு உள்ளுக்குள்ள ஓடிக்கினே இருந்துச்சு. யாரும் ஏமாத்தல. என் கண்ணால பாத்துட்டேன். இனிமே மெஷின்தான் என் தோஸ்த்து. நல்லா பாத்துக்குவேன்."

கம்பெனியில் பிரிஸ்கில்லாவை மறுபடி சேர்த்துக்கொள்ளத் தயங்கினார்கள். வீட்டிலேயே ஓய்வெடுக்கச் சொன்னார்கள். டாக்டர் கொடுத்த சான்றிதழோடு போய் கேட்டில் நின்றாள். முதலில் பேக்கிங்கில் போட்டார்கள். பசை நாற்றம் இல்லாத இடம் என்பதால் அதை ஒத்துக்கொண்டாள். சம்பளத்தைக் குறைக்க முயன்றதை ஒத்துக்கொள்ளவில்லை. இன்பசேகரன் மினி லாரி ஓட்டுகிறான், மூட்டை மட்டும் தூக்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு டயாலிசிஸ் சென்டருக்குப் போவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. அங்கே புதிதாக வருகிறவர்களிடம் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பாள். முடியாது என்று சொன்னார் என்பார்கள். பார்த்துவிட்டுச் சொன்னாரா, பார்க்க முடியாமல் சொன்னாரா என்று கேட்பாள். நிறையப் பேருக்கு அதற்குப் பதில் தெரியாது. அடுத்த முறை போகும்போது கேட்டுக்கொண்டு வரச் சொல்வாள்.

ஒருநாள் சென்டர் இன்சார்ஜ் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, வந்து நோயாளிகளுக்கு வீண் நம்பிக்கை கொடுக்க வேண்டாம், நாலு பேருக்கு நடக்கும், நாற்பது பேருக்கு நடக்காது என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஏமாந்து போனவர்களை நிறையப் பார்த்தவர்.

"நான் நம்பிக்கை கொடுக்கலை சார்" என்றாள் பிரிஸ்கில்லா. "கேக்கச் சொல்றேன். அதுக்கும் பர்மிஷன் வாங்கணுமா?"

அவர் வழியை விட்டு நகர்ந்துகொண்டார். அவள் உள்ளே போய் ஹலீமா பீயின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த வாரம் யாருடைய வீட்டில் என்ன பிரியாணி என்ற பேச்சு ஆரம்பமானது.